மழை டாக்டர் பேனா

முப்பத்தோரு வருஷம் போடி ஏலக்காய் ஏலக்கூடத்தில் சரக்கை லாட்டு லாட்டாகப் பிரித்து விலை கூவியவன் நான். என் பெயர் கன்னையன். நான் தொண்டையைத் திறந்தால் போடிமெட்டில் மேய்கிற ஆடு நிமிர்ந்து பார்க்கும். சவலைப் பிள்ளை மாதிரி வெளிறிக் கிடக்கிற காயைக்கூட, "கிளி பார்த்தால் தன் இறகைப் பிடுங்கிப் போட்டுவிடும்" என்று கூவித் தள்ளியிருக்கிறேன். அந்த வாயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று என் வீட்டுக்காரி மொக்கம்மாள் கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டாள்.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நிறத்தைக் கூட்டிச் சொல்லலாம். வாசத்தைக் கூட்டிச் சொல்லலாம். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பதை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது. சொன்னவன் மறுநாள் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. லாட்டு நம்பர், தோட்டத்துப் பேர், அப்புறம்தான் மற்ற அளப்பெல்லாம்.

எண்பத்தொன்றில் ஓய்வு பெற்றேன். இரண்டு வருஷம் கழித்து மெட்ராசிலிருந்து வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. டாக்டர் அனந்தபத்மன் என்ற விஞ்ஞானிக்கு அங்கே நினைவுக்கூடம் கட்டுகிறார்களாம். மேகம் மலையில் முட்டினால் எந்தப் பக்கம் எவ்வளவு கொட்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிச் சீமை வரைக்கும் பேர் வாங்கிய மனுஷன். அந்தக் கணக்கைப் போட்டது எங்கள் மலையில்தான். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவில் குடியிருந்து மழையை அளந்தார். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் மழை டாக்டர். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்பது தெரியவே அவர்களுக்கு ஒரு வருஷம் ஆனதாம்.

மலையை விட்டு இறங்கிய அன்று அவருடைய பேனா தொலைந்துபோனது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு பேனாதான் என்றும், வேறு வாங்க மனசில்லாமல் அதையே தேடிக்கொண்டு கடைசிவரை பென்சிலிலேயே எழுதினார் என்றும் கடிதத்தில் கண்டிருந்தது. அந்தப் பேனா எங்கள் பக்கம் எங்கேயாவது கிடந்தால் கண்டுபிடித்துத் தர வேண்டுமாம். அடையாளமும் எழுதியிருந்தார்கள். கறுப்பு ரப்பர் பேனா, மூடியில் தங்க வளையம், கட்டையில் கீறிய ஏ.பி. என்ற எழுத்து, அடிப்பக்கம் யோசிக்கும்போது கடித்த பல் தடம். கூடவே மழைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் போட்டோ, "டாக்டரின் கையெழுத்து" என்ற குறிப்போடு.

என் சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும். ஊரில் எவன் பேனா கசிந்தாலும் என்னிடம்தான் வரும். அதனால் சங்கத்தார் இந்தச் சோலியை என் தலையில் கட்டினார்கள். நானும் சும்மா இருக்காமல், ரப்பர் பேனாவை இருட்டில் மோந்து பார்த்தே எந்த வருஷத்துப் பேனா என்று சொல்வேன் என்று அளந்துவிட்டேன். அதற்கு ஆறு மாசம் அனுபவித்தேன்.

முதல் வாரமே இருபத்தேழு பேனா வந்தது. கடித அடையாளத்தை யாரோ டீக்கடையில் படித்துக் காட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. இருபத்தேழிலும் ஏ.பி. இருந்தது. சிலதில் அது பி.ஏ. ஆகியிருந்தது. பல் தடத்துக்குக் குறைவே இல்லை. எங்கள் ஊர்க்காரன் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேய்ப்பான், அப்புறம் மோப்பான், அப்புறம் கடிப்பான். ஏலக்காய் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பழக்கம். பேனாவைக் கொண்டுவந்தவன் கடித்திருப்பான், அவன் மச்சினன் கடித்திருப்பான், சங்கத்துக் காவல்காரன் அமாவாசைகூட என் கண்முன்னாலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்து, "முத்தலா இருக்கு" என்றான்.

ரப்பரைத் துணியில் வைத்துத் தேய்த்தால் கந்தக வாடை வரும். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் வராது. என் வித்தை மொத்தமும் அவ்வளவுதான். அதுவும் போடியில் பலிக்கவில்லை. எந்தப் பேனாவைத் தேய்த்தாலும் ஏலக்காய் வாசம்தான் வந்தது. பாயசத்தை மோந்த மாதிரி ஆகிவிட்டது என் மூக்கு.

அப்புறம் ஊர் ஊராகப் போக வேண்டியதாயிற்று. பேனாவை நம்பிக் கொடுத்தனுப்ப மாட்டோம், வந்து பாருங்கள் என்றார்கள். ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் பத்தொன்பது பேர். வளைவுக்கு வளைவு என் முழங்கால் ஒவ்வொன்றாகக் கழன்று போடியிலேயே தங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மேலே போய்ப் பார்த்தால் நேற்று வாங்கிய பேனாவை அடுப்புப் புகையில் காட்டிப் பழசாக்கி வைத்திருப்பான். இறங்கி வருவேன். மறுநாள் இன்னொருவன் கூப்பிடுவான். அறுபத்துமூன்று பேனா பார்த்தேன். ராத்திரி கண்ணை மூடினால் நிப்பாக வந்து குத்தியது.

இந்த அலைச்சலில் என்கூட ஒருத்தர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சங்கத்து வாசலில் எல்லோரும் பேனாவோடு நிற்க, வெறுங்கையோடு ஒருத்தர் கடைசியில் நின்றார். அறுபத்தெட்டு வயசு, வற்றிய உடம்பு. அவரைக் கண்டதும் நின்றவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்கள். ராசிங்காபுரத்து ராக்கையா. டாக்டர் இருந்த காலத்தில் அவரிடம் மழை பார்க்கிற வேலை செய்தவர். பேனா காணாமல் போன அன்று தோட்டத்து சூப்பிரண்டு காசிராஜன், ராக்கையாதான் எடுத்தான் என்று சொல்லி, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் அவர் பாயைக் கிழித்து, பானையை உடைத்துத் தேடி, ஒன்றும் கிடைக்காமலே வேலையை விட்டு இறக்கிவிட்டார். அதற்கப்புறம் ஒரு தோட்டத்திலும் சேர்க்கவில்லை. ராசிங்காபுரத்தில் மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்தே காலம் போயிற்று. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் ராக்கையா வந்தால் ஆம்பிளைகள் பையைப் பொத்துவார்கள். நாற்பத்திரண்டு வருஷத்து வேடிக்கை. நானும் பொத்தியிருக்கிறேன்.

"அது யாரு வீட்டுல கெடச்சாலும் எனக்குச் சொல்லணும், தம்பி. என்கிட்ட இல்லேன்னு ஆயிரும்ல" என்றார்.

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் ஜீப்பில் ஏறும்போது அவர் முன்னாலேயே வந்து நிற்பார். நான் உள்ளே போய்ப் பேனா பார்ப்பேன். அவர் வாசலோடு நின்றுகொள்வார். வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவேன். சரி என்பது மாதிரி துண்டை உதறித் தோளில் போடுவார். ஐம்பதாவது பேனாவுக்கு மேல் உதறுவதையும் விட்டுவிட்டார். பேசாமல் அலுத்துப்போன இரண்டு பேர் ஒரு ஜீப்பில் உட்கார்ந்து வந்தால் டிரைவருக்கே கொட்டாவி வரும். எங்கள் டிரைவர் பதினோராவது வளைவில் விட்ட கொட்டாவிக்குள் நாங்கள் மூணாறு வரைக்கும் பார்த்துவிட்டோம்.

ஆறாவது மாசம், காசிராஜன் மகள் வீரலட்சுமி ஆளனுப்பினாள். அப்பன் செத்து வருஷமாகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, போடியிலேயே அப்பன் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். நல்ல மனுஷி. அப்பாவுக்கு டாக்டர் பரிசாகக் கொடுத்த பேனா ஒன்று பூசைப் பெட்டியில் இருக்கிறதென்றும், அப்பா பேரோடு அது மெட்ராசுக்குப் போனால் பெருமை என்றும் சொல்லியனுப்பியிருந்தாள். மெட்ராஸ் ஆளும் மறு வாரம் வருவதாக இருந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று போனேன். ராக்கையா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

பட்டுத்துணியை விரித்துக் காட்டினாள். பேனா கண்ணாடி மாதிரி மின்னியது. கறுப்பு ரப்பர்தான். தங்க வளையம் இருந்தது. ஏ.பி. இல்லை. பல் தடம் இல்லை. முதல் தடவையாகக் கடிபடாத பேனா ஒன்றைப் பார்த்தேன். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கேட்டால், முந்தின நாள்தான் பாலிஷ் போட்டாளாம்.

"அழுக்கா வச்சா சபையில காட்டுறது, அண்ணே? சோடாத் தண்ணியில ஊறப்போட்டு, சாக்குல போட்டு நல்லாத் தேச்சேன். கொஞ்சம் கிறுக்கலா இருந்துச்சு, பொடிச் சல்லடைக் கம்பியில தேச்சதும் போயிருச்சு."

ஏலத்துக்குப் போகிற சரக்கைப் பாலிஷ் போடாமல் விடுவது எங்கள் ஊரில் முகம் கழுவாமல் பொண்ணு பார்க்க உட்கார வைக்கிற மாதிரி. காயைச் சாக்கில் தேய்த்து வாலை உதிர்த்துப் பளபளவென்று ஆக்கினால்தான் மதிப்பு. அதே கையால் நாற்பத்திரண்டு வருஷத்து அடையாளத்தை ஒரு மத்தியானத்தில் உதிர்த்துத் தள்ளியிருக்கிறாள்.

நான் தலையில் கை வைத்தேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினாள். மை நிரப்பி எழுதிப் பார்த்தேன். தாளைக் கிழித்தது, மையைத் துப்பியது. நிப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்தது. சாக்கு, ரப்பரைத் தேய்க்கும். நிப்பின் முனையை இப்படிச் சாய்த்துத் தேய்க்காது. வருஷக்கணக்காக ஒருத்தன் விடாமல் எழுதியிருக்க வேண்டும், அதுவும் யாரும் பேனா பிடிக்காத கோணத்தில். போட்டோவை எடுத்து மறுபடி பார்த்தேன். எண்களெல்லாம் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி இடப்பக்கம் படுத்திருந்தன. இறங்குகிற கோடு மெலிசு, குறுக்குக் கோடு தடிமன்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே பார்த்தேன். ராக்கையா பீடியை இடது கையில் பிடித்திருந்தார். ஆறு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். மூக்கை வைத்து உலகத்தையே அளந்தவனுக்குக் கண் இல்லாமல் போயிற்று.

அவரை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டேன். வீரலட்சுமியின் கை தன்னையறியாமல் பட்டுத்துணியை மூடப் போனது. அப்புறம் சரி என்றாள்.

ராக்கையா உள்ளே வந்து தரையில்தான் உட்கார்ந்தார். பேனாவைக் கொடுத்தேன். அவர் தேய்க்கவில்லை, மோக்கவில்லை, கடிக்கவில்லை. இடது கையில் வாங்கி, வலது கையைக் குடை பிடிப்பது மாதிரி உயர்த்திக்கொண்டு, தாளைத் தொடையில் வைத்து எழுதினார். என் கையில் தாளைக் கிழித்த பேனா அவர் கையில் எண்ணெய் மாதிரி ஓடியது. ஆறு எண்கள். ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு, அதே தடிமன், அதே ஏழு.

"இது டாக்டர் எழுத்துன்னு போட்டுருக்காங்க அண்ணே" என்றேன்.

"டாக்டரு மழைக்குள்ள எறங்க மாட்டாரு, சளி புடிக்கும். வலது கையில கொடை, எடது கையில பேனா. எனக்குத்தான் பீச்சாங்கைல்ல. நாளைக்கு மூணு வேளை, மூணு வருசம். கணக்கப் போடுறதுக்கு மட்டும் அவரு வாங்கிக்குவாரு."

"அப்ப இது உங்க எழுத்தா?"

"மழை பேஞ்சது நெசந்தான. யாரு எழுதுனா என்ன?"

அலுத்துப்போன குரலில்தான் சொன்னார். வீரலட்சுமி அந்தத் தாளையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டரிடம் இருந்தது ஒரே பேனா. அது இறங்கிய அன்று காணாமல் போனது. கடைசிவரை தேடினார். கடிதத்தில் இருந்ததை அவளும் படித்திருக்கிறாள். பரிசாகக் கொடுத்த பேனாவை எவன் தேடுவான்? என் வாழ்நாளில் நான் எதுவும் சொல்லாமல் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான். மொக்கம்மாள் இன்றைக்கும் நம்புவதில்லை.

கடைசியில் பேனாவைத் துணியில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கங்க, பெரியவரே. யாருக்கும் தெரிய வேணாம். மெட்ராசுக்காரங்ககிட்ட இது இல்லேன்னு அண்ணன் சொல்லிருவாரு."

ராக்கையா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இத நான் வாங்கிட்டுப் போனா, ஒங்கப்பா சொன்னது உண்மையாயிரும், ஆத்தா."

அவள் கை நீட்டியபடியே நின்றது.

"நீயே கொண்டுபோய்க் குடு. எங்கெருந்து எடுத்தேன்னு சொல்லிக் குடு. அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எழுவதற்கு மூன்று தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து தகவலே இல்லை. செத்த அப்பனை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லச் சொல்வது சின்னக் காரியமா? நான் இரண்டு தடவை அவள் தெருப் பக்கம் போய்விட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினேன். ராக்கையாவிடம் போய், வருவாளா மாட்டாளா என்று புலம்பினேன். "வரலேன்னா சோளம் வெதைக்கப் போறேன்" என்றார்.

மெட்ராஸ் ஆள் வந்தது ஏலத்தன்றைக்கு. சங்கத்தார் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். காய் ஏலம் தொடங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம். வியாபாரிகள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முந்நூறு என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ராக்கையா வந்து சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைமேல் உட்கார்ந்தார். நாலைந்து பேர் பழக்கத்தில் பையைப் பொத்தினார்கள்.

நேரம் தாண்டிப்போய் வீரலட்சுமி வந்தாள். பட்டுத்துணி இல்லை. பேனாவைக் கையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பஜார் வழியாக நடந்து வந்திருக்கிறாள்.

என்னையே கூவச் சொன்னார்கள். மேடையில் ஏறினேன். ரெண்டு வருஷமாகக் கூவாத தொண்டை. "லாட்டு நம்பர் ஒன்று. பேனா. சீமை ரப்பர், தங்க நிப்பு. இதிலிருந்து சொட்டிய மையில் தேக்கடி ஏரி நிறம் மாறியது" என்று தொடங்கிவிட்டேன். கூடம் சிரித்தது. அடுத்து தோட்டத்துப் பேர் சொல்ல வேண்டும். எந்த இடத்துச் சரக்கு என்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் கூவிய வாய் அங்கே நின்றுவிட்டது. சொல்ல எனக்கு உரிமை இல்லாத ஒன்று அது. அவளைப் பார்த்தேன்.

"எங்கப்பா காசிராஜன் பெட்டியில இருந்து எடுத்தேன்" என்றாள் வீரலட்சுமி. வகுப்பில் வருகைப் பதிவு படிக்கிற குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "டாக்டரு குடுத்தது இல்ல. எங்கப்பா எடுத்து வச்சிருந்தது. ராக்கையா எடுக்கல."

தராசுத் தட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒரு கிழட்டு வியாபாரிக்கு மட்டும் தொழில் மறக்கவில்லை.

"சரக்கு பாலிஷ் போட்டதா?"

"போட்டது" என்றேன். "நிப்பு மட்டும் தப்பிச்சிருக்கு."

மெட்ராஸ் ஆளிடம் ராக்கையா எழுதிய தாளைக் கொடுத்து, நோட்டில் இருக்கிற எழுத்து யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எங்களிடமுள்ள நானூறு பக்கத்தையும் டாக்டர் கையெழுத்து என்றல்லவா பதிந்திருக்கிறோம் என்றார். நீங்கள் திருத்த வேண்டியதுதான், எனக்கு முழங்கால் இல்லை, மெட்ராசுக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பேனா ஒப்படைத்த சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட ராக்கையாவைக் கூப்பிட்டார்கள். எழுதப் பேனா வேண்டுமே. முதலில் ஒருத்தன் பையிலிருந்து எடுத்து நீட்டினான். அடுத்து இன்னொருத்தன். ஒரு நொடியில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேனா நீண்டது. அவர் பக்கத்தில் இருந்ததை வாங்கி இடது கையால் சாய்த்துக் கையெழுத்துப் போட்டார். போட்டதும், பேனாவை எல்லோரும் பார்க்கிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, கொடுத்தவன் கையில் வைத்து, அவன் விரலை மடக்கிவிட்டார். நாற்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் திருப்பிக் கொடுத்துப் பழகியிருக்கிறார் போலிருக்கிறது. பேனா கொடுத்தவன் அதைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் காய் ஏலம் தொடங்கிவிட்டது. வியாபாரிக்குச் சரக்கு முக்கியம். வீரலட்சுமி ராக்கையா பக்கம் வந்து ஏதோ சொல்ல நின்றாள். அவர் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் ஆள் போட்டோ எடுக்க எழுப்பச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவள் முந்தானையால் அவர் முகத்து ஈயை ஓட்டிவிட்டு, பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் விட்ட குறட்டையில் பதினேழாவது லாட்டின் விலை யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கூவ வேண்டியதாயிற்று. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.